வெள்ளவத்தைக் கடலில் தெரிந்த கறுப்பு முதுகு என்ன?

நீங்கள் கேட்டது மூன்று கேள்விகள். கொழும்பு வெள்ளவத்தை மரைன் டிரைவில் நீங்கள் பின்னேரம் நடக்கும்போது, கரையிலிருந்து ஒரு 300 மீற்றர் தள்ளி, கறுப்பாக நீண்ட முதுகு ஒன்று மூன்று தடவை எழும்பித் தாழ்ந்தது. பின்பக்கத்தில் சின்னதாக ஒரு செட்டை தெரிந்தது. பக்கத்தில் நின்றவர்களில் ஒருவர் திமிங்கலம் என்றார், மற்றவர் சுறா என்றார். அது என்ன என்பது முதல் கேள்வி. இப்போதெல்லாம் இந்த மாதிரி வீடியோக்கள் அடிக்கடி வருகின்றனவே, கடலுக்கு என்ன நடக்கிறது என்பது இரண்டாவது. மூன்றாவதைப் போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள்: சுனாமிக்கு அறிகுறி என்று சொல்லி அம்மா அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை என்று. நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அம்மாவிடம் தைரியமாகச் சொல்லலாம், அது அறிகுறி இல்லை. சுனாமி வருவது கடலடித் தரை சட்டென்று பெயர்வதால். 2004 டிசெம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் தரை பெயர்ந்த பிறகு, அலை எங்கள் கிழக்குக் கரைக்கு வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் எச்சரிக்கை கிடைக்காமல் போனதுதான் அன்றைய அவலம். மிருகங்கள் முன்கூட்டியே அறியும் என்ற நம்பிக்கை நம் ஊரில் மட்டுமல்ல, ஜப்பானிலும் உண்டு. அங்கே ஆழ்கடல் மீன்கள் கரைக்கு வந்தால் நிலநடுக்கம் வரும் என்பார்கள். அதை ஒரு ஆய்வுக் குழு சோதித்துப் பார்த்தது. 1928 முதல் 2011 வரையான 336 மீன் காட்சிகளையும் 221 நிலநடுக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டும் பொருந்தியது ஒரே ஒரு தடவை. இந்த முடிவு 2019இல் வெளியானது. எங்கள் பக்கத்துக் கணக்கும் அப்படித்தான். மணப்பாட்டில் 1973, 2016, சம்பூரில் 2017, பாணந்துறையில் 2020, கற்பிட்டியில் 2023 என்று திமிங்கலங்கள் கூட்டமாகக் கரையேறியிருக்கின்றன. ஒன்றின் பின்னாலும் சுனாமி வரவில்லை. சுனாமிப் பயம் வந்தால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைத்துக் கேளுங்கள்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விலங்கியல் படித்தவன், மீன்பிடித் துறை சார்ந்த வேலையில் நீண்ட காலம் இருந்தவன், மிரிஸ்ஸவிலும் கற்பிட்டியிலும் படகில் போய்த் திமிங்கலக் குறிப்பு எடுத்தவன். கரையொதுங்கிய உடல்களை அளந்து எழுதுவதும் அந்த வேலையில் ஒரு பகுதி. கப்பலியலோ கடலடி ஒலியியலோ என் துறை அல்ல. அவை வரும் இடங்களில் மற்றவர்கள் நிறுவியதை மட்டுமே சொல்கிறேன்.

இனி, நீங்கள் கண்டது. முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். வெள்ளவத்தையில் பின்னேரம் சூரியன் கடல் பக்கம் இறங்குகிறது. எதிர்வெளிச்சத்தில் நீலத் திமிங்கலமும் கறுப்பு, டொல்பினும் கறுப்பு, களனி கங்கை வெள்ளத்தில் அடித்து வந்த மரக்குற்றியும் கறுப்பு. அடுத்தது தூரம். கடலில் கண்ணுக்கு அளவுகோல் கிடையாது. 300 மீற்றர் என்று மனது சொல்வது ஒரு கிலோமீற்றராக இருக்கலாம். அப்படியானால் உடலின் நீளமும் மூன்று மடங்காகிவிடும். மீன்பிடி வள்ளம் ஒன்று அதே வரிசையில் தெரிந்திருந்தால் மட்டும் அதை வைத்து ஏதும் சொல்லலாம்.

நம்பக்கூடிய தகவல், அது மூன்று தடவை மேலே வந்து போனது. மூச்சுக்காக மேலே வரும் பிராணி அப்படித்தான் செய்யும். சுறாவுக்குச் செவுள் இருக்கிறது, அது மேலே வந்து மூச்செடுக்கத் தேவையில்லை. திமிங்கலச் சுறா மேலே வந்தால் பெரும்பாலும் மேலேயே மெதுவாக அலைந்துகொண்டிருக்கும். முதுகுச் செட்டையும் வால் நுனியும் ஒரே நேரத்தில் நீருக்கு மேல் தெரியும், வால் இடமும் வலமுமாக அசையும். திமிங்கலத்தின் வால் படுக்கையாக இருப்பது, மேலும் கீழுமாக அடிக்கும். ஆகவே உருண்டு எழும்பித் தாழ்கிற முதுகு என்றால் அது பாலூட்டி. இதில் எனக்குச் சந்தேகமில்லை. திமிங்கலச் சுறாவைத் தமிழ்நாட்டுக் கரையில் அம்மணி உழுவை என்பார்கள். 12 மீற்றர் வரை வளர்வது சாதாரணம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது வடிகட்டித் தின்னும் சாது.

பாலூட்டிகளில் எது? நீலத் திமிங்கலமாக இருந்திருந்தால் நீங்கள் முதுகைப் பற்றி எழுதியிருக்க மாட்டீர்கள். அது விடும் மூச்சு நிமிர்ந்த தூணாக 9 மீற்றர் வரை எழும். முதலில் கண்ணில் படுவது அதுதான். விந்துத் திமிங்கலத்தின் மூச்சுத் துளை தலையின் நுனியில் இடப்பக்கமாக இருக்கிறது. அதனால் அதன் பீச்சல் முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து போகும். ஒரு தடவை கண்டவர் பிறகு பிழை விடவே மாட்டார். உங்கள் குறிப்பில் பீச்சலே இல்லை. செட்டை சிறியது, முதுகின் பின்பகுதியில் இருந்தது. இதற்கு மிகப் பொருந்துவது பிரைட் திமிங்கலம். 12 முதல் 15 மீற்றர் வரை நீளம். மூச்சு பல வேளை மெலிதாகவே இருக்கும். சாளை போன்ற சின்ன மீன் கூட்டங்களைத் துரத்திக் கரையோரத்து ஆழமில்லாத மேட்டுக்கடலுக்குள்ளும் வரும். எந்தப் பக்கம் எழும்பும் என்று சொல்லவே முடியாது, படம் எடுப்பவர்களைப் படுத்தி எடுக்கும் பிராணி. ஆனாலும் இது என் ஊகம்தான். தலையின் மேற்புறம் நீளவாட்டில் மூன்று வரம்புகள் இருந்தால் மட்டும்தான் அடித்துச் சொல்லலாம், அது மரைன் டிரைவில் நின்று தெரிகிற விஷயமில்லை. வரிசையாகப் போன பொய்க்கொலையாளித் திமிங்கலங்கள் (கறுத்த பெரிய டொல்பின் வகை) இரண்டு மூன்றை ஒரே உடலாகக் கண்டிருக்கவும் இடமுண்டு. கொலையாளித் திமிங்கலம், அதாவது ஓர்க்கா, என்று யாரும் சொல்லக்கூடும். இலங்கைக் கடலில் அது அரிதாகப் பதிவாவது உண்மை. ஆனால் வளர்ந்த ஆணின் முதுகுச் செட்டை ஓர் ஆள் உயரம் நிமிர்ந்து நிற்கும். அதை யாரும் "சின்னதாக" என்று எழுத மாட்டார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். "வழி தவறி வந்துவிட்டது" என்று செய்தியில் வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சின்ன எரிச்சல் வரும். அதன் வழி எங்கள் வாசலால்தான் போகிறது. இலங்கையைச் சுற்றியுள்ள மேட்டுக்கடல், அதாவது கண்டமேடை, சராசரியாக 20 கிலோமீற்றர் சொச்சம் அகலம்தான். அதன் விளிம்பில் தரை செங்குத்தாக இறங்கி ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்குப் போய்விடுகிறது. நாட்டின் தென்முனையான தேவேந்திரமுனைக்கு அருகில் அந்த விளிம்பு இன்னும் கிட்ட. திருகோணமலையிலோ ஆழப் பள்ளத்தாக்கு துறைமுக வாயிலிலேயே தொடங்குகிறது. வேறு நாடுகளில் நாள்கணக்காகப் படகோட்டிக் காண வேண்டியதை இங்கே காலைச் சாப்பாட்டுக்கு முன் கண்டுவிட்டுத் திரும்பலாம். சுமார் 30 இனத் திமிங்கலங்களும் டொல்பின்களும் எங்கள் கடலில் பதிவாகியிருக்கின்றன.

இன்னொன்று. உலகின் மற்ற நீலத் திமிங்கலங்களில் பெரும்பாலானவை உணவுக்குத் துருவத்துக்கும் குட்டி ஈன வெப்பக் கடலுக்குமாக அலைபவை. இங்கே உள்ளவை அப்படி அண்டார்ட்டிக்குக்குப் போவதில்லை. வட இந்து சமுத்திரத்திலேயே ஆண்டு முழுவதும் சுற்றுபவை. மற்ற இடங்களில் நீலத் திமிங்கலங்கள் தின்பது கிரில் என்ற, இறால் போன்ற சின்ன உயிரை. தென்னிலங்கையில் எச்சத்தை ஆராய்ந்து பார்த்தபோது, பெரும்பாலும் செர்ஜெஸ்டிட் என்ற இறால் வகையைத் தின்கின்றன என்று தெரிந்தது. நாங்கள் சம்பலுக்கு வாங்குகிற கூனி இறால் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வொஸ் இந்தத் திமிங்கலங்களைப் பற்றி ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆர்வம் இருந்தால் அவருடைய பேச்சுகளைத் தேடிக் கேளுங்கள்.

அப்படியானால் ஏன் முன்னர் காணவில்லை? காண்பதற்கு ஆளில்லை என்பது பெரிய பதில். 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதையொட்டி 1982 முதல் 1984 வரை டியூலிப் என்ற பாய்மரப் படகில் வந்தவர்கள் திருகோணமலைக்கு அப்பால் விந்துத் திமிங்கலங்களை ஆராய்ந்தார்கள். போர் சூடுபிடிக்க அது தொடரவில்லை. பிறகு வந்த வருடங்களில் கிழக்கிலும் வடக்கிலும் கடலுக்குப் போவதே பாஸ் எடுத்துச் செய்ய வேண்டிய வேலையாக இருந்தது. திமிங்கலத்தை யார் எண்ணுவது? கொழும்பில்கூட இன்றைக்கு நீங்கள் நடக்கிற மரைன் டிரைவ், கையில் போனோடு ஆயிரம் பேர் பின்னேரம் உலாவும் இடமாக அன்று இருக்கவில்லை. கடலோர ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் கண்டிருப்பார்கள். வீட்டில் சொல்லியிருப்பார்கள், அதோடு சரி. ஆகவே வீடியோக்கள் கூடியதை வைத்துத் திமிங்கலங்கள் கூடிவிட்டன என்றோ கரைக்குக் கிட்ட வரத் தொடங்கிவிட்டன என்றோ சொல்ல முடியாது. கடல் சூடேறுவதால் இரை இடம் மாறி, அதன் பின்னே இவையும் இடம் மாறலாம் என்பது நியாயமான சந்தேகம். ஆனால் வெள்ளவத்தையில் கண்ட ஒரு முதுகு அதற்குச் சாட்சியாகாது.

பருவத்தையும் சேர்த்துப் பாருங்கள். வாடைக் காலத்தில், நவம்பர் கடைசி தொடங்கி ஏப்ரல் வரை, மேற்கும் தெற்கும் அமைதியாக இருக்கும். அப்போது உயிருள்ளவை கண்ணில் படும். சோளகம் எழும்பினால் மே தொடக்கம் செப்டெம்பர் வரை கடல் கொந்தளிக்கும், ஆழ்கடலில் செத்தவை கொழும்புக் கரைக்குத் தள்ளப்பட்டு வரும். ஒரே கடல்தான், காற்று மாறினால் காட்சி மாறுகிறது.

கரைக்கு வருவது எப்போதும் புதினமல்ல என்று சொன்னேன். புதினமாகிற சந்தர்ப்பமும் உண்டு, அதில் ஒன்று கொழும்புக்காரர்கள் பெருமையாகச் சொல்ல வேண்டியது. 1963 சனவரி 26 அன்று இரத்மலானைக் கரையில் நாலரை மீற்றர் நீளமான, நீலம் கலந்த சாம்பல் நிறப் பெண் அலகுத் திமிங்கலம் ஒன்று ஒதுங்கியது. அலகுத் திமிங்கலங்கள் ஆழத்தில் வாழ்பவை, படகைக் கண்டால் மறைபவை. பல இனங்களை உயிரோடு கண்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அப்போது தேசிய நூதனசாலையில் பணியாற்றிய பீ. ஈ. பீ. தெரணியகல அதைப் பரிசோதித்து, இது உலகம் அறியாத இனம் என்று சொல்லி, மெசோபுளோடன் ஹொட்டவுலா என்று பெயரிட்டு அதே வருடம் வெளியிட்டார். வெளிநாட்டு நிபுணர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே ஜப்பானில் விவரிக்கப்பட்டிருந்த கிங்கோப் பல் திமிங்கலம்தான் இது என்று சொல்லி, இரண்டு வருடத்துக்குள் அந்தப் பெயரை ஓரம் கட்டிவிட்டார்கள். அரை நூற்றாண்டு அப்படியே போனது. பிறகு மாலைதீவு, சீஷெல்ஸ், கிரிபாத்தி, பால்மைரா போன்ற இடங்களில் கிடைத்தவற்றையும் இரத்மலானை எலும்பையும் சேர்த்து ஏழு மாதிரிகளின் மரபணுவைப் பார்த்தார்கள். 2014இல் முடிவு வந்தது: தெரணியகல சொன்னதுதான் சரி, அது தனி இனம். இன்றைக்கும் அந்த இனத்துக்கு அடிப்படை மாதிரி இரத்மலானையில் ஒதுங்கிய அந்த உடல்தான். அன்று அதை மணலில் புதைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. நூதனசாலைப் பக்கம் போனால், 1894இல் அம்பலாங்கொடையில் ஒதுங்கிய நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டையும் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

உண்மையிலேயே வழி தவறி வருபவையும் இருக்கின்றன. 2019 நவம்பரில் தெற்குக் கரையோரம் ஒரு யானைச் சீல் தலைகாட்டியது. அண்டார்ட்டிக்கைச் சுற்றிய தீவுகளில் இருக்க வேண்டிய பிராணி. 2017 ஜூலையில் கொக்கிளாய்க்கு அப்பால் நடுக்கடலில் தும்பிக்கையை மட்டும் நீட்டிக்கொண்டு நீந்திய யானை ஒன்றைக் கடற்படையினர் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள். அது கடல் பிராணியே இல்லை, ஆனால் தூரத்தில் நின்று கண்டவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஓமுரா திமிங்கலம் எங்கள் கடலில் முதன்முதலாகப் பதிவானது 2017இல்தான். அது அன்றுதான் வந்ததா, அதுவரை பிரைட் திமிங்கலம் என்றே எழுதிக்கொண்டிருந்தோமா? இரண்டும் தூரத்தில் அவ்வளவு ஒத்திருக்கும். ஆகவே இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம்.

பாணந்துறை வேறு கதை. 2020 நவம்பர் 2 பின்னேரம், கொழும்பிலிருந்து 25 கிலோமீற்றர் தெற்கே, நூற்றுக்கும் மேற்பட்ட குறுந்துடுப்பு வழிகாட்டித் திமிங்கலங்கள் கரையேறின. மேல் மாகாணத்தில் கொரோனா ஊரடங்கு. அதையும் பொருட்படுத்தாமல் ஊர்ச் சனம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கியது. கடற்படையும் கரையோரக் காவல் திணைக்களமும் சேர்ந்து இரவு முழுக்கத் தள்ளித் தள்ளி அனுப்பினார்கள். மிகச் சிலவே இறந்தன. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டுக் கரையில் 2016 சனவரியில் 80க்கு மேல் ஒதுங்கி, அவற்றில் 45 இறந்ததோடு ஒப்பிட்டால் பாணந்துறையில் நடந்தது எவ்வளவு பெரிய வேலை என்று விளங்கும். மணப்பாட்டில் 1973 சனவரியிலும் 147 ஒதுங்கின. அதே இனம், அதே மாதம், அதே கரை. இது தற்செயலாக இருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஏன் இப்படி என்பதற்கு ஓரளவு வலுவான விளக்கம் இரண்டு. ஒன்று, இந்த இனம் கூட்டத்தை விட்டுப் பிரியாது. முன்னால் போகும் ஒன்று நோயாலோ பயத்தாலோ மேட்டுக்குள் போனால் மற்றவையும் போகும். ஒன்றைக் கடலுக்குள் தள்ளினாலும், மணலில் கிடக்கும் மற்றதன் சத்தம் கேட்டுத் திரும்பி வரும். பாணந்துறையில் விடிய விடிய நிற்க வேண்டி வந்தது அதனால்தான். இரண்டு, இவை ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் வழி அறிபவை. மெல்லச் சரியும் மணல்கரை எதிரொலியைச் சரியாகத் திருப்பாது, முன்னால் தரை இருப்பது பிந்தியே தெரியவரும். இதற்கு மேல் சொல்லப்படுவதெல்லாம் அந்தந்தச் சம்பவத்தில் தனித்தனியாக நிறுவ வேண்டியவை. போர்க்கப்பல் சோனார், அதாவது ஒலியை அனுப்பி நீருக்கடியில் தேடும் கருவி, காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. அது கட்டுக்கதை அல்ல. 2000ஆம் ஆண்டு பஹாமாஸில் அலகுத் திமிங்கலங்கள் ஒதுங்கியதற்குத் தன் சோனார் காரணம் என்று அமெரிக்கக் கடற்படையே ஏற்றுக்கொண்டது. ஆனால் அங்கே காதுப் பகுதியில் இரத்தக் கசிவு உட்பட உடற்கூற்றுச் சான்று இருந்தது. பாணந்துறைக்கு அப்படியொரு சான்றைக் காட்டாமல் சோனார்தான் என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். சோனாரே இல்லாத காலத்திலும் இந்த இனம் கூட்டமாகக் கரையேறியிருக்கிறது.

இப்போது சொல்வதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். உயிரோடு ஒரு திமிங்கலம் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள், செத்து ஒன்று வந்தால்தான் கேள்வி கேளுங்கள். எங்கள் சனம் செய்வது நேர்மாறு. உயிரோடு வந்தால் பயம், செத்து வந்தால் செல்ஃபி. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த ஒரு கொள்கலன் கப்பலின் முன்னணியத்தில், செத்த நீலத் திமிங்கலம் ஒன்று குறுக்காக மடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. இடித்தது கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை, அந்த அளவுக் கப்பலில் அது உணரப்படாது. தேவேந்திரமுனைக்குத் தெற்கே உலகின் மிக நெருக்கமான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. நீலத் திமிங்கலங்கள் இரை தேடும் இடமும் அதே நீர்தான். பாதையைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 வீதம் வரை குறையும் என்று கணித்தார்கள். 2022இல் எம்.எஸ்.சி. என்ற கப்பல் நிறுவனம் தானாகவே தன் கப்பல்களை அப்படித் திருப்பியது.

எக்ஸ்பிரஸ் பேர்ள் விவகாரத்திலும் உடல்கள்தான் பேசின. 2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து, ஜூன் தொடக்கத்தில் மூழ்கத் தொடங்கிய அந்தக் கப்பலில் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. அந்த ஜூன் முடிவில் நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கு 176 ஆமைகள், 20 டொல்பின்கள், 4 திமிங்கலங்கள். சோளகக் காலத்தில் வழமையாகவே உடல்கள் ஒதுங்கும் என்று முன்னர் சொன்னேன். ஆகவே அத்தனையும் கப்பலால் என்று எண்ணுவது சரியல்ல, அத்தனையும் வழமைதான் என்று தள்ளுவது அதைவிடப் பிழை. ஒவ்வொரு வருடமும் எத்தனை ஒதுங்குகிறது என்ற ஒழுங்கான பதிவு கையில் இருந்தால்தான் கூடுதலாக வந்தது எவ்வளவு என்று கழித்துப் பார்க்கலாம். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடு செலுத்தும்படி உத்தரவிட்டது. வழக்கில் வாதாட உதவுவது அந்தப் பதிவேடுதான்.

ஒதுங்கிய உடலில் என்ன பார்ப்போம் என்று சொன்னால் உங்களுக்கும் கண் பழகும். மூன்று நாள் வெயிலில் கிடந்த திமிங்கலத்தின் கறுப்புத் தோல் பழைய சுவரில் பெயின்ற் உரிவது மாதிரித் தகடு தகடாக உரிந்து, கீழே வெளிறிய கொழுப்பு தெரியும். அதனால்தான் "வெள்ளைத் திமிங்கலம் ஒதுங்கியது" என்று செய்தி வரும். மேல்தாடை நுனியிலிருந்து வாலின் நடு வெட்டு வரை, உடல் வளைவைத் தொடராமல், நேர்கோட்டில் நாடாவைப் பிடித்து அளப்போம். வாயைத் திறந்து பல்லா, நார் போன்ற தகடா என்று பார்ப்போம். தொண்டையில் ஓடும் வரிப்பள்ளங்கள் தொப்புள் வரை வருகிறதா, முன்னமே நின்றுவிடுகிறதா என்று கவனிப்போம். வால் தண்டைச் சுற்றி ஒரே அளவான மெல்லிய வெட்டு இருந்தால் அது வலைக் கயிறு. முதுகில் இடைவெளி விட்டு இணையாக ஓடும் ஆழமான வெட்டுகள் கப்பல் சுழலியால் வந்தவை. வெளியே காயமே இல்லாமல் உள்ளே எலும்பு நொறுங்கியிருந்தால் கப்பலின் முன்பகுதி இடித்திருக்கும். வட்ட வட்டமாகக் கடி அடையாளம் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, அது குக்கீகட்டர் என்ற சின்னச் சுறாவின் வேலை. நாள் கடந்து அழுகிய உடலில் இவற்றில் பாதி அழிந்துபோகும். காரணம் தெரியவில்லை என்று அறிக்கை வருவது பல வேளை மழுப்பல் அல்ல, உண்மையான நிலைமை.

உயிரோடு ஒன்று கரையேறிக் கிடந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு முதலில் அழையுங்கள். அவர்கள் வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றுங்கள், ஆனால் மூச்சுத் துளைக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. ஈரத் துணி போடலாம், மூச்சுத் துளையை மூடாமல். வாலிலோ கைச்செட்டையிலோ கயிறு கட்டி இழுக்காதீர்கள், மூட்டு கழன்றுவிடும். பக்கவாட்டில் சரிந்து கிடந்தால் வயிறு கீழே வரும்படி நிமிர்த்தி, கைச்செட்டைகளுக்கு அடியில் மணலைத் தோண்டி இடம் கொடுங்கள். தண்ணீர் தாங்காதபோது அதன் சொந்த எடையே நுரையீரலை நசுக்கும், கொழுப்புப் போர்வை வெயிலில் அதை வேகவைக்கும். நேரம் மிகக் குறைவு. வால் பக்கம் நிற்கவே வேண்டாம். அது மூச்சு விடும்போது முகத்தைக் கொடுக்காதீர்கள், மனிதருக்குத் தொற்றக்கூடிய கிருமிகள் அதில் இருக்கலாம்.

செத்த உடலில் பல்லோ அம்பரோ (விந்துத் திமிங்கலத்தின் குடலில் உண்டாகும், வாசனைப் பொருளுக்கு வாங்கும் கட்டி) எடுக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். கடல் பாலூட்டிகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அம்பர் கட்டியோடு பிடிபட்டவர்களின் படம் பத்திரிகையில் வந்தபடிதான் இருக்கிறது. ஊதிப்போன வயிற்றில் ஏறி நின்று படம் எடுப்பதும் வேண்டாம், உள்ளே வாயு அடைந்து கிடக்கும்.

பயப்பட வேண்டுமா என்ற கேள்விக்கு இன்னும் ஒரு பதில் மிச்சம் இருக்கிறது. வெள்ளவத்தை தொடங்கிக் கல்கிசை வரையுள்ள கரையில் நான் யாரையும் எச்சரிப்பதென்றால் அது திமிங்கலத்தைப் பற்றி அல்ல, முதலையைப் பற்றி. பெல்லன்வில, அத்திடிய சதுப்பிலும் பொல்கொட வாவியிலும் உவர்நீர் முதலைகள் இருக்கின்றன. கால்வாய் வழியே இறங்கிக் கடலுக்கு வருவது அவற்றுக்குச் சாதாரணம், பெயரே அதைச் சொல்கிறது. 2022 சனவரியில் தெஹிவளைப் பக்கக் கடலில் முதலை தாக்கி ஒருவர் இறந்தார். அந்த நாட்களில் கடலில் இறங்க வேண்டாம் என்று அறிவித்தார்கள். பெருமழைக்குப் பிறகு கால்வாய் வாயில் பக்கம் ஒரு மரக்குற்றி அலையோடு போகாமல் ஒரே இடத்தில் நின்றால், அது மரக்குற்றி என்று முடிவெடுக்க அவசரப்படாதீர்கள். பிள்ளைகளைக் குளிக்க இறக்குவதென்றால் வெள்ளவத்தைக் கால்வாய், தெஹிவளைக் கால்வாய் இரண்டின் வாயிலையும் விட்டு நன்றாகத் தள்ளிப் போங்கள், விடியற்காலையும் மைம்மலும் இறக்கவே வேண்டாம்.